முதலில் பட்டர், கடைசியில் டிரைவர்

பணி ஓய்வுக்குப் பின் கோல்ஃப் பழக வந்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வங்கியிலும் ரயில்வேயிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் உழைத்து முடித்துவிட்டு, விடிந்தும் விடியாமலும் நந்தனத்திலும் கிண்டியிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் வந்து நிற்கிறீர்கள். வீட்டில் தூங்கச் சொன்னார்கள், கேட்கவில்லை. நல்லது. சில வாரம் இரவல் மட்டையை வைத்துப் பந்தைத் தட்டிப் பார்த்ததும் உங்களில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்த செட் வாங்கலாம்?"

இதற்கு உங்களுக்குக் கிடைக்கும் பதில்கள் இரண்டு வகை. பழகுகிறவருக்கு எது கிடைத்தாலும் போதும், கைபடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார் ஒருவர். கடைக்குப் போய் கணினி முன் நின்று அளவெடுத்து முழு செட்டாக வாங்கிவிடுங்கள் என்பார் இன்னொருவர். முதல் யோசனையைக் கேட்டால், உயரத்துக்குப் பொருந்தாத மட்டைக்கு ஏற்ப உடம்பு வளைந்து நிற்கப் பழகிவிடும். அறுபது வயதில் அப்படிப் படிந்த பழக்கத்தை எடுப்பது லேசல்ல. இரண்டாவதைக் கேட்டால், ஆறு மாதத்தில் மாறிவிடப்போகும் உங்கள் வீச்சை அளந்து அதற்குப் பெரும் பணம் கட்டுவீர்கள். உடம்பை இன்றே அளக்கலாம், வீச்சைப் பிறகு அளக்கலாம். நான் சொல்லவருவது இவ்வளவுதான். எதை முதலில் அளப்பது என்பதில் கடைக்காரரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு.

கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது டிரைவர். விலையும் அதற்குத்தான் அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பார் 72 உள்ள மைதானத்தில், குழிக்கு இரண்டு என்று 36 அடிகள் பட்டருக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. டிரைவரை எடுக்க வாய்ப்புள்ள குழிகள், பார் மூன்றுகளைக் கழித்தால், வழக்கமாக 14. புதிதாக ஆடுபவர் அந்த 14 இடத்திலும் அதை எடுத்தால் பாதிப் பந்துகள் மரத்தடியில் கிடக்கும். ஆனாலும் டிரைவருக்கு ஒரு மாதம் யோசிப்பவர்கள், பட்டரை செட்டோடு வந்ததென்று அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்.

பிங் நிறுவனத்தை உருவாக்கிய கார்ஸ்டன் சோல்ஹைமின் கதை உங்களுக்காகவே நடந்தது போல இருக்கும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். இளமையில் காலணி தைக்கும் தொழில் செய்தார், பிறகு ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளரானார். உடன் வேலை பார்த்தவர்கள் அழைத்துத்தான் கோல்ஃப் ஆடப் போனார். அப்போது அவருக்கு வயது 42. மற்றதெல்லாம் ஓரளவு வந்தது, பட்டிங் மட்டும் கைகூடவில்லை. குறை கையிலா கருவியிலா என்று பொறியாளர் புத்தி ஆராய்ந்தது. எடையை நடுவில் குவிக்காமல் தலையின் இரு ஓரங்களுக்கும் பிரித்துவைத்தால், நடுவில் படாத அடியிலும் முகம் திரும்பாது என்று கண்டு, 1959இல் தன் வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு பட்டர் செய்தார். பந்தில் பட்டதும் அது எழுப்பிய 'பிங்' என்ற ஓசையே நிறுவனத்தின் பெயரானது. பின்னாளில் அயர்ன்களை ஆளின் உயரத்துக்கும் கையின் நீளத்துக்கும் ஏற்பப் பிரித்து, மட்டையில் வண்ணப் புள்ளி வைக்கும் முறையையும் அந்த நிறுவனம் கொண்டுவந்தது. கறுப்புப் புள்ளி என்றால் வழக்கமான கோணம். மற்ற நிறங்கள் அதைவிட நிமிர்ந்ததையோ படுத்ததையோ குறிக்கும். இன்று உலகெங்கும் ஃபிட்டிங் என்று நடப்பதில் பெரும்பங்கு, நடுவயதில் ஆட வந்து பட்டிங்கில் திணறிய ஒருவரிடமிருந்து வந்தது.

எனவே பட்டரில் தொடங்குங்கள். கடைகளில் பெரும்பாலும் 34, 35 அங்குல நீளத்தில்தான் தொங்கும். ஐந்தடி நான்கு அங்குல ஆள் 35 அங்குல பட்டரைப் பிடித்தால் முழங்கை மடங்கி வயிற்றில் இடிக்கும், அல்லது பந்தைவிட்டுத் தள்ளி நிற்க நேரும். பெண்களில் பலருக்கு 32, 33 அங்குலமே சரியாக வரும். சோதிப்பது எளிது. வசதியாகக் குனிந்து, கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு நில்லுங்கள். மூக்கின் மேல்தண்டிலிருந்து இன்னொரு பந்தைக் கீழே விடுங்கள். அது தரையில் இருக்கும் பந்தின் மேலோ, அதற்குச் சற்று உங்கள் பக்கமாகவோ விழ வேண்டும். பந்தைத் தாண்டி அப்பால் விழுந்தால் நிற்கும் விதமோ நீளமோ தவறு. பிறகு பட்டரின் அடிப்பகுதியைப் பாருங்கள். தரையில் படிந்திருக்கிறதா, முனை தூக்கிக்கொண்டிருக்கிறதா? ஒரு ரூபாய் நாணயம் முனைக்கடியில் நுழைவதில் தவறில்லை. நாலைந்து நாணயங்களை அடுக்கினாலும் நுழைகிறதென்றால் அது உங்கள் பட்டர் இல்லை.

இங்கே கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. பலரும் மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை என்று இரண்டும் சேர்ந்த கண்ணாடி போட்டிருக்கிறீர்கள். குனிந்து பந்தைப் பார்க்கும்போது படிப்பதற்கான பகுதி வழியாகப் பார்ப்பதால் பந்து கலங்கித் தெரியும். அதைத் தெளிவாக்க உங்களை அறியாமல் தாடையை இறக்கித் தலையை ஆட்டுவீர்கள். "தலையை ஆட்டாதீர்கள்" என்று கோச் மாதக்கணக்கில் கத்துவார், காரணம் கண்ணாடியில் இருக்கும். தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மட்டையையும்விட மலிவு.

அடுத்து, எத்தனை மட்டை. விதி 14 வரை அனுமதிக்கிறது. அது மேல்வரம்பு, கட்டாயம் அல்ல. இருபத்தைந்து முப்பது மட்டைகளைக் கேடியின் தோளில் ஏற்றிக்கொண்டு சிலர் ஆடிய காலம் உண்டு. அமெரிக்காவில் 1938இலும் பிரிட்டனில் அதற்கடுத்த ஆண்டிலும்தான் இந்த வரம்பு வந்தது. அதற்கும் முன்பு, 1916இல், சிக் எவன்ஸ் என்ற அமெரிக்க அமெச்சூர் ஏழே மட்டைகளோடு யுஎஸ் ஓப்பனை வென்றார். ஹிக்கரி மரத் தண்டு பூட்டிய மட்டைகள். 72 குழிகளில் 286. அந்தச் சாதனையை முறியடிக்க இருபது ஆண்டுகள் ஆயின. நமக்கு ஏழு போதாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்னைக் கேட்டால் 5ஆம் எண் ஃபேர்வே வுட், 5ஆம் எண் ஹைப்ரிட், 7, 9 அயர்ன்கள், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர். செட்டில் வரும் 4, 5ஆம் எண் அயர்ன்களைத் தொடவே வேண்டாம். வேகமில்லாத வீச்சில் அவற்றால் பந்தை மேலே எழுப்ப முடியாது. 4, 5, 6 மூன்றிலும் அடித்துப் பாருங்கள், ஏறத்தாழ ஒரே இடத்தில் போய் விழும். மூன்று மட்டைக்கான காசு, ஒரு மட்டையின் வேலை. ஹைப்ரிடின் எடை கீழேயும் பின்னாலும் இருப்பதால் பந்து தானாக எழும். இதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கும் ஆண்கள் அதிதி அசோக்கை நினைத்துக்கொள்ளட்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்த அந்தப் பெங்களூருப் பெண் தூரம் அடிப்பதில் பெயரெடுத்தவர் அல்ல. ஃபேர்வே வுட், ஹைப்ரிட், பட்டர் இவற்றை வைத்துத்தான் பதக்கத்துக்கு ஓர் அடி பக்கத்தில் போய் நின்றார்.

இனி நீளம். அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன் "அப்பா, இங்கே பழைய செட் நல்ல விலைக்குக் கிடைக்கிறது, வரும்போது கொண்டுவருகிறேன்" என்று சொல்லியிருப்பான். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அங்கே உண்மையிலேயே மலிவுதான். ஆனால் ஆறடி ஆள் தனக்கென்று அரை அங்குலம் நீட்டி, கோணம் நிமிர்த்திச் செய்துகொண்ட மட்டையும் அந்தக் கடையில் அதே வரிசையில்தான் நிற்கும். பார்த்தால் தெரியாது. அதனால் வாங்கும் முன் இரண்டு அளவுகளை அவனுக்கு அனுப்புங்கள். ஒன்று உயரம். மற்றது, விளையாடும் காலணியோடு நிமிர்ந்து நின்று, கைகளைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை உள்ள தூரம். இதை நீங்களே அளக்க முடியாது, குனிந்தால் அளவு கெடும். வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள்.

இந்த இரண்டாவது அளவு 34, 35 அங்குலத்தை ஒட்டி இருந்தால் ஆண்களுக்கான வழக்கமான நீளம் பெரும்பாலும் பொருந்தும். நிறுவனத்துக்கு நிறுவனம் பட்டியல் சற்று மாறும். அதற்கு வெகுவாகக் குறைந்தால் அரை அங்குலம் குட்டையான மட்டை தேவைப்படலாம். உயரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கை நீளம், இன்னொருவருக்குக் கால் நீளம். பந்தை எட்டுவது கை.

"நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளலாமே" என்பீர்கள். வெட்டலாம், அரை அங்குலம் வரை. அதற்கே மட்டையின் தலை இலேசாகிவிட்டது போலக் கையில் தெரியும், தண்டும் சற்று விறைக்கும். ஓர் அங்குலத்துக்கு மேல் வெட்டியது வேறொரு மட்டை. தங்கைகளுக்கும் அக்காமார்களுக்கும்: 'மகளிர் செட்' என்று எழுதியிருப்பதெல்லாம் உங்களுக்கானது என்று நம்பிவிடாதீர்கள். அவை சராசரியாக ஓர் அங்குலம் குட்டை, தண்டு மென்மை. உயரமாகவும் உடற்பலத்தோடும் இருக்கும் பெண்ணுக்கு ஆண்களின் சீனியர் தண்டு நன்றாகவே பொருந்தும். குட்டையான, மெலிந்த ஆணுக்கு மகளிர் தண்டு பொருந்துவதும் உண்டு. ஆனால் நிறம் பார்த்து அவர் வாங்கமாட்டார்.

லை கோணம் என்று இன்னொன்று சொல்வார்கள். மட்டையைத் தரையில் வைத்தால் தண்டு எந்தச் சாய்வில் நிற்கிறது என்பது. முனை தூக்கி நின்றால் வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும், முனை தாழ்ந்தால் வலப்பக்கம். லாஃப்ட், அதாவது மட்டை முகத்தின் சாய்வு, அதிகமான மட்டைகளில் இதன் விளைவும் அதிகம். என்றாலும் முதல் ஆண்டில் இதற்காக மட்டையை வளைக்கக் கொடுக்க வேண்டாம் என்பேன். பழகுபவரின் பந்து பெரும்பாலும் வீச்சின் கோளாறால் வலப்பக்கம் வளைகிறது. மட்டையை நிமிர்த்தினால் இன்றைக்குச் சரியாகும். ஆறு மாதம் கழித்து வீச்சு திருந்தியதும் நல்ல அடியும் இடப்பக்கம் பறக்கும். வார்ப்பு எஃகுத் தலைகளைத் திரும்பத் திரும்ப வளைக்கவும் முடியாது.

கிரிப்பை யாரும் கேட்பதே இல்லை, அதனால் நான் விரிவாகச் சொல்கிறேன். மேலே இருக்கும் கையால், வலக்கை ஆட்டக்காரர் என்றால் இடக்கையால், மட்டையைப் பிடியுங்கள். நடுவிரலும் மோதிர விரலும் சுற்றிவந்து கட்டைவிரலின் அடிச்சதையை இலேசாகத் தொட வேண்டும். நகம் சதையில் குத்தினால் கிரிப் மெல்லியது. விரலுக்கும் சதைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் தடிமன். காலையில் விரல்களை மடக்கவே சிரமப்படும் மூட்டுவலிக்காரர்கள் ஒரு சுற்று தடிமனான, மென்மையான கிரிப்பைக் கேளுங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டியிராது, முன்கை தளரும், முழங்கையும் தப்பும். சென்னை வெயிலில் காரின் பின்பெட்டியில் கிடந்தால் ரப்பர் காய்ந்து கண்ணாடி போல வழுக்கும். நம் வியர்வை மீதியைப் பார்த்துக்கொள்ளும். சோப்பு நீரில் கழுவுங்கள், மட்டைகளை வீட்டுக்குள் வையுங்கள். பழைய செட் வாங்கினால் ஏழுக்கும் கிரிப் மாற்றிவிடுங்கள். கொடுக்கும் காசுக்கு இத்தனை பலன் தரும் மாற்றம் கோல்ஃபில் வேறில்லை.

தண்டில் ஆர், எஸ், ஏ, எல் என்று எழுத்துகள் அச்சிட்டிருக்கும். ஆர் வழக்கமானது, எஸ் விறைப்பு, ஏ சீனியர், எல் மகளிர். இந்த எழுத்துகளுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கடையின் 40ஆம் நம்பர் சட்டை இன்னொரு கடையில் இறுக்குவது போல, ஒரு நிறுவனத்தின் 'ஆர்' இன்னொன்றின் 'ஏ'வுக்குச் சமமாக இருக்கலாம். எழுத்தைவிட எடையைக் கேளுங்கள். எஃகுத் தண்டு 100 கிராமைச் சுற்றியும் அதற்கு மேலும் இருக்கும். கிராஃபைட் 50 முதல் 70 கிராமுக்குள்ளேயே கிடைக்கும். உங்கள் வயதுக்குக் கிராஃபைட் வாங்கத் தயங்க வேண்டாம். தரையைக் குத்திவிட்ட அடியின் அதிர்வும் அதில் குறைவாகவே கைக்கு ஏறும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுக்கம் வருவது சாதாரணம். அப்படி இருந்தால் ஃபிட்டிங் செய்பவரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள், மருத்துவரிடமும் கேட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொரு வித்தையும் நடக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் 7ஆம் எண் அயர்னின் லாஃப்ட் 35, 36 டிகிரி. இன்று கடையில் நிற்கும் பல 7ஆம் எண்கள் 28, 30 டிகிரி. அதாவது பழைய 5ஆம் எண்ணின் மேல் 7 என்று அச்சடித்திருக்கிறார்கள். அதில் அடித்தால் தூரம் போகாமல் என்ன செய்யும்? புதிய வடிவில் பந்து உயரமாக எழுவது உண்மை, அந்த அளவுக்குப் பொறியியல் இருக்கிறது. ஆனால் "உங்கள் பழைய மட்டையைவிட இருபது கெஜம் கூடுதல்" என்று திரையில் காட்டினால், இரண்டின் லாஃப்டையும் கேளுங்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரிக்கு இறங்கிவிட்டால், 56 டிகிரி சாண்ட் வெட்ஜுக்கும் அதற்கும் நடுவே பெரிய பள்ளம் விழும். அப்போது 49, 50 டிகிரியில் எட்டாவது மட்டை ஒன்று வேண்டியிருக்கும். ஊட்டியில் விடுமுறையில் அடித்த தூரத்தை மனத்தில் வைத்தும் மட்டை வாங்காதீர்கள். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் காற்று இலேசு, எல்லோர் பந்தும் கூடுதலாகப் பறக்கும்.

சாண்ட் வெட்ஜில் பவுன்ஸ் என்ற எண்ணையும், அதாவது அடிப்பாகம் தரையில் புதையாமல் காக்கும் கோணத்தையும், பார்த்து வாங்குங்கள். கோடையில் நம் ஃபேர்வேக்கள் காய்ந்து இறுகும், மழைக்காலத்தில் தொளதொளக்கும். 8 முதல் 10 டிகிரி இரண்டுக்கும் சமாளிக்கும்.

சரி, அந்தக் கணினி ஃபிட்டிங் எப்போது? கோச்சிடம் சில மாதம் கற்று, 7ஆம் எண்ணில் பத்து அடி அடித்தால் ஆறேழாவது முகத்தின் நடுப்பகுதியில் படும்போது. படுகிறதா என்று தெரிய, காலுக்குப் போடும் பவுடர் ஸ்பிரேயை முகத்தில் அடித்துக்கொண்டு ஆடுங்கள், பந்தின் தடம் அச்சாகத் தெரியும். போகும் நாளில் விளையாடும் காலணியோடு போங்கள். உடம்பு சூடேறிய பிறகே அளக்கச் சொல்லுங்கள். முதலில் உங்கள் மட்டையில் அடித்து அதைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள், ஒப்பிட அடித்தளம் வேண்டும். டிராக்மேன் போன்ற கருவி பத்துப் பதினைந்து எண்களைக் கொட்டும். நீங்கள் இரண்டைப் பாருங்கள்: பந்து காற்றில் கடக்கும் தூரம், பந்துகள் பக்கவாட்டில் எவ்வளவு சிதறுகின்றன என்பது. மிக நீளமாகப் போன ஓர் அடியைக் காட்டி விற்கப் பார்ப்பார்கள். மிக மோசமாகப் போன அடி எந்த மட்டையில் குறைவாகக் கெட்டது என்று நீங்கள் கேளுங்கள். பாய் விரிப்பின் மேல் அடிப்பதில் ஒரு பொய்யும் கலந்திருக்கும். பந்துக்குப் பின்னால் தரையைக் குத்திய அடியும் பாயில் வழுக்கிப்போய் நல்ல அடியாகப் பதிவாகும். முடிந்தால் புல்தரையில் அடித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு நம் ஊரில் மட்டை கிடைப்பது அரிது. வலக்கையாகவே பழகிப் பார்ப்பதில் தவறில்லை. பாப் சார்ல்ஸும் ஃபில் மிக்கெல்சனும் மற்ற வேலைகளுக்கெல்லாம் வலக்கைக்காரர்கள், கோல்ஃபில் மட்டும் இடப்பக்கம் நின்று பெரும் பட்டங்கள் வென்றவர்கள். நீங்கள் அதைத் திருப்பிச் செய்கிறீர்கள்.

டிரைவர் வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு: கடைசியில் வாங்குங்கள். லாஃப்ட் 12 டிகிரி அல்லது அதற்கு மேல். நீளம் 44 அங்குலத்துக்குள் கிடைத்தால் நல்லது. கடையில் நிற்பவை 45, 45½ அங்குலம். நீளம் கூடினால் வேகம் கூடும், நடுவில் படுவது குறையும். போலிகள் நடமாடும் சந்தை இது என்பதால், நம்ப முடியாத விலை என்றால் நம்பாதீர்கள்.

கடைசியாக, கேடியைப் பற்றி. உங்கள் அடிகளைப் பின்னாலிருந்து பார்ப்பவர் அவர். எந்த மட்டையில் எவ்வளவு தூரம் உண்மையாகப் போகிறது என்பது கருவிக்கு முன்பே அவருக்குத் தெரியும், கேட்டால் மழுப்பாமல் சொல்வார். 1991இல் இந்தியன் ஓப்பனை வென்று, அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009இல் அதே போட்டியை வென்ற பெங்களூரின் முனியப்பாவும் கேடியாகத் தொடங்கியவர்தான். அப்படித் தொடங்கும் ஒருவனுக்கு நீங்களும் உதவலாம். ஏழோடு நிறுத்திக்கொண்டால், செட்டில் வந்த 4ஆம் எண்ணும் 5ஆம் எண்ணும் உங்கள் வீட்டுப் பரணில் துருப்பிடிக்கத்தான் போகின்றன. நமக்கு எழாத பந்து இருபது வயதுத் தோளுக்கு எழும். உங்கள் மைதானத்தில் ஆடப் பழகும் கேடிப் பையன் எவன் என்று விசாரித்து, புதுக் கிரிப் போட்டு, அவனிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்பே இந்தப் பித்துப் பிடித்த ஒருவன்